புதிய மாடலில் விடுபட்டதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வெளியான, கையடக்கக் கேமரா வாங்குவோருக்கான கட்டுரையைப் படித்தேன். கைபேசி வந்த பிறகு பலரும் மறந்துவிட்ட ஒரு பொருளுக்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், ஒரே வரிசையில் பழைய மாடலும் புதிய மாடலும் கிடைக்குமானால் கையிலுள்ள பணத்துக்கு எட்டும் வரை புதியதையே வாங்க வேண்டும் என்று அந்தக் கட்டுரை முடிவில் சொல்லியிருந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாகச் சட்டைப்பையில் கேமராவோடு நடமாடுகிறவன் என்ற முறையிலும், உறவினர்களும் நண்பர்களும் வாங்குமுன் வந்து கேட்கிற ஆள் என்ற முறையிலும், இதுபற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பெரிய கேமராவில் ஒரு வசதியைக் கூட்ட வேண்டுமென்றால் உடலைக் கொஞ்சம் பெருக்கிக்கொள்ளலாம். கையடக்கக் கேமராவில் அதற்கு இடமில்லை. பைக்குள் நுழைய வேண்டும் என்பதே அதன் முதல் நிபந்தனை என்பதால், ஒன்றை உள்ளே வைக்க வேண்டுமானால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இன்னொன்றை வெளியே எடுத்தாக வேண்டும். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையைப் பார்த்தால் இது நன்கு விளங்கும். 2012-இல் வந்த முதல் கேமராவின் எடை 240 கிராம்தான். ஒளியைப் படமாக மாற்றும் சில்லான சென்சாரின் அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது அந்தக் காலத்துச் சாதாரணக் கையடக்கக் கேமராக்களின் சென்சாரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்குப் பரப்பு. அடுத்த ஆண்டே மார்க் 2 என்ற பெயரில் வந்த இரண்டாம் மாடலில் சாய்க்கக்கூடிய திரையும், மேல்பக்கத்தில் வெளி ஃபிளாஷ் பொருத்தும் இடமும் சேர்ந்தன. 2014-இல் வந்த மார்க் 3-இல் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கான, உள்ளிருந்து எழும்பும் வ்யூஃபைண்டர் வந்தது. ஆனால் ஃபிளாஷ் பொருத்தும் இடம் போய்விட்டது. லென்ஸின் பெரிதாக்கும் திறனும் 100 மில்லிமீட்டரிலிருந்து 70-ஆகக் குறைந்தது (இந்த எண் கூடக் கூட, தொலைவில் உள்ளது பெரிதாகத் தெரியும்). அதற்கு ஈடாக, ஜூம் செய்தாலும் வெளிச்சம் அதிகம் குறையாத லென்ஸ் கிடைத்தது. 2018-இல் வந்த மார்க் 6-இல் ஜூம் 200 மில்லிமீட்டர் வரை நீண்டது. அது நீண்டதால், ஒளி நுழையும் லென்ஸின் திறப்பு சுருங்கியது. கடும் வெயிலில் ஓடும் நீரைப் பட்டுத்துணி போலப் படமெடுக்க உதவிய, ஒளியைக் குறைக்கும் உள் என்டி ஃபில்டரும் காணாமற்போனது. இவற்றில் எதையும் நிறுவனத்தின் பிழை என்று நான் சொல்லவில்லை. நெருக்கடியான வீட்டில் புதுக்கட்டில் வாங்கினால் பழைய பீரோவை எங்காவது தள்ளித்தானே ஆக வேண்டும்? ஆனால் வாங்குகிறவருக்கு அந்தப் பீரோ தேவையா என்று யாரும் கேட்பதில்லை.

எண்ணிக்கை கூடினால் தரம் கூடும் என்ற எண்ணத்தைக் கேமரா செய்கிற நிறுவனங்களே கைவிட்ட கதையும் உண்டு. கேனான் ஜி வரிசையில் 2008-இல் வந்த ஜி10-இல் 14.7 மெகாபிக்சல்கள் இருந்தன. மறு ஆண்டு வந்த ஜி11-இல் அது 10-ஆகக் குறைக்கப்பட்டது. சிறிய சென்சாரில் அளவுக்கு மீறிப் புள்ளிகளைத் திணித்ததால் குறைந்த ஒளியில் படங்களில் மணல் தூவியது போன்ற இரைச்சல் மிகுந்ததே அதற்குக் காரணம். அதே வரிசையில் அதற்கு முன்பும் ஒரு நிகழ்வு: 2006-இல் வந்த ஜி7, முந்தைய மாடல்களில் இருந்த ரா வடிவில், அதாவது சென்சார் தந்த தரவை அப்படியே, படம் சேமிக்கும் வசதியையும், விரித்துத் திருப்பும் திரையையும் கைவிட்டது. ரா வசதி 2007-இல் ஜி9-இல் திரும்பியது. திரை திரும்புவதற்கு ஜி11 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் புதியதையே வாங்கு என்ற அறிவுரையைக் கேட்டு நடந்தவர், தாம் நேற்று வரை செய்துகொண்டிருந்ததை இன்று செய்ய முடியாத நிலைக்கு ஆளாகியிருப்பார்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய நிகழ்வுக்கு வருகிறேன். என் தம்பி மகள் ஓராண்டாக என்னுடைய முதல் ஆர்எக்ஸ்100-ஐ இரவல் வாங்கிப் பயன்படுத்திவந்தாள். தனக்கென ஒன்று வாங்க முடிவு செய்தபோது, பயன்படுத்திய மார்க் 3 ஒன்றும் புத்தம் புதிய மார்க் 6 ஒன்றும் அவள் முன் இருந்தன. "பெரியப்பா, மூணா ஆறா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றாள். ஒரே வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக, அந்த ஓராண்டில் எடுத்த படங்களைக் கணினியில் திறக்கச் சொன்னேன்.

டிஜிட்டல் கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளும், அது எந்த ஜூம் நிலையில், எந்த ஷட்டர் வேகத்தில், எவ்வளவு ஐஎஸ்ஓ-வில் (ஒளிக்கான உணர்திறன் அளவில்) எடுக்கப்பட்டது என்ற குறிப்பு தானாகப் பதிந்திருக்கும். கணினியில் படத்தின் விவரங்களைத் திறந்தால் யாரும் பார்க்கலாம். ஆனால் வாங்கப் போகிற நேரத்தில் அதைத் திறந்து பார்க்கிறவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இருவரும் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து பார்த்தோம். பாதிக்கும் மேற்பட்ட படங்களில் 10.4 மில்லிமீட்டர் என்றிருந்தது. அந்தக் கேமராவில் ஜூம் சிறிதும் நீட்டாத நிலை அது. முழு ஜூமில் எடுத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றிலும் பெரும்பாலானவை மொட்டைமாடியிலிருந்து எடுத்த நிலா. அதன்பின், பிடிக்காமல் போன படங்களைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். அவளுடைய பாட்டி, அதாவது என் தாயார், சாய்வு நாற்காலியில் அமர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் படம் அதில் இருந்தது. முகம் தெளிவாக இருந்தது. துடைக்கும் விரல்கள் மட்டும் புகைபோலக் கலைந்திருந்தன. குறிப்பைப் பார்த்தால் ஷட்டர் வேகம் 1/30 நொடி, ஐஎஸ்ஓ 1600, லென்ஸ் முழுமையாகத் திறந்து எஃப் 1.8. தேறாத படங்களில் பெரும்பாலானவை இதே வகைதான்: வீட்டுக்குள், விளக்கொளியில், எதிரில் இருப்பவர் அசைந்ததால் கெட்டவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜூம் நீட்டாத நிலையில் மார்க் 3-இன் திறப்பும் அதே எஃப் 1.8. மார்க் 6-இல் அது எஃப் 2.8. இந்த எண் பெரிதானால் திறப்பு சிறிதாகும். 2.8-ஐ 1.8-ஆல் வகுத்து வரும் விடையை அதனாலேயே பெருக்கினால் 2.4. அதாவது, அதே விளக்கடியில், அதே நாற்காலியில் பாட்டி அமர்ந்திருக்க, அதே ஐஎஸ்ஓ-வில் மார்க் 6 எடுத்தால், 1/30 நொடிக்குப் பதிலாக ஏறத்தாழ 1/12 நொடி தேவைப்படும். விரல்கள் இன்னும் மோசமாகக் கலையும். ஷட்டர் வேகத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஐஎஸ்ஓ-வை ஏறத்தாழ 4000-க்கு ஏற்ற வேண்டும், இரைச்சல் கூடும். நான்கு ஆண்டுகள் புதியதும் விலை மிகுந்ததுமான கேமரா, அவள் அதிகம் எடுக்கிற படத்தை, அவள் வருந்திய அதே இடத்திலேயே மேலும் கெடுக்கும். கடையில் நின்று எந்த விளம்பரத் தாளைப் புரட்டினாலும் இது தெரிந்திருக்காது. அந்தத் தாளில் 200 என்ற எண் பெரிய எழுத்தில் இருக்கும், 2.8 என்ற எண் எங்கோ அட்டவணையின் நடுவே இருக்கும்.

மார்க் 3-ஐ எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன் என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மேடையில் ஆடும் மகளைப் பத்தாவது வரிசையிலிருந்து எடுக்க வேண்டிய தாய்க்கோ, மரக்கிளையில் உட்காரும் பறவைகளை எடுக்க விரும்புகிறவருக்கோ கணக்கு நேர்மாறாகிவிடும். 70 மில்லிமீட்டரில் எடுத்த படத்தை வெட்டி 200 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால், 20 மெகாபிக்சலில் ஏறத்தாழ 2.5 மெகாபிக்சல்தான் மிஞ்சும். அத்தகையவர் பழைய மாடலை வாங்கினால் ஒவ்வொரு முறையும் ஏங்கவே நேரும். ஓடியாடும் குழந்தைகளை எடுப்பவருக்கும் புதியதே நல்லது. மார்க் 3-இன் ஃபோகஸ் முறை, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு கூடுகிறதா என்று தேடும் முறை; வேகமாக நெருங்கி வருகிறவரைப் பிடிப்பதற்குள் அவர் கடந்துபோயிருப்பார். 2016-இல் வந்த மார்க் 5 முதல், சென்சாரிலேயே 315 இடங்களில் ஃபேஸ் டிடெக்‌ஷன் என்ற முறை வந்துவிட்டதால், எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பது கேமராவுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. காணொளி எடுப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: இந்த வரிசையில் 4கே காணொளி 2015-இன் மார்க் 4-இலும், வெளி மைக் செருகும் துளை 2019-இன் மார்க் 7-இலும்தான் வந்தன. பேச்சைப் பதிவு செய்ய வேண்டியவருக்கு அந்த ஒரு துளையே போதிய காரணம்.

நானும் என் பங்குக்கு மார்க் 3-ஐத்தான் பின்னர் வாங்கினேன். ஆனால் வெளிச்சத்துக்காக அல்ல. வயது ஏற ஏற, வெயிலில் பின் திரையைப் பார்ப்பது எனக்குக் கடினமாகிவிட்டது. வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் படம் போய்விடும். வ்யூஃபைண்டரில் கண்ணுக்கேற்பத் தெளிவைச் சரிசெய்யும் சிறு நெம்புகோல் உண்டு. அதை ஒருமுறை சரிசெய்தால் கண்ணாடி இல்லாமலே பார்க்கலாம். அது எனக்கு எத்தனை மெகாபிக்சலைவிடவும் மேலானது. அதற்காக 50 கிராம் கூடுதல் எடையையும், சட்டைப்பையில் 5 மில்லிமீட்டர் கூடுதல் தடிமனையும் மனமார ஏற்றுக்கொண்டேன்.

ரிக்கோ ஜிஆர் வரிசையிலும் இதே நிலைதான். 2015-இல் வந்த ஜிஆர் 2-இல் 16 மெகாபிக்சல். 2019-இல் விற்பனைக்கு வந்த ஜிஆர் 3-இல் 24 மெகாபிக்சலும், கை நடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியும், தொடுதிரையும் சேர்ந்தன. ஆனால் உள்ளேயே இருந்த ஃபிளாஷ் நீக்கப்பட்டது. முழு பேட்டரிக்கு ஏறத்தாழ 320 படங்கள் என்றிருந்தது 200-ஆக இறங்கியது. நடுக்கச் சமன் பற்றி ஒரு சொல்: அது எடுப்பவரின் கை அசைவை மட்டுமே சரிசெய்யும். எதிரில் இருப்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கோபுரத்தையும் தெருவையும் மாலை மங்கலில் எடுப்பவருக்கு அது வரம்; கண்ணாடி துடைக்கும் பாட்டியை எடுப்பவருக்கு அதனால் பயனில்லை. இந்த வேறுபாட்டைத் தங்கள் கட்டுரை குறிப்பிடாதது எனக்கு வருத்தமாக இருந்தது.

பேட்டரியை நானும் ஒருகாலத்தில் பொருட்படுத்தாமல் இருந்தவன்தான். வேறொரு நிறுவனத்தின் கேமராவை வைத்திருந்தபோது, அதன் அடுத்த மாடல் வந்ததும் மறுயோசனை இன்றி வாங்கினேன். பழைய கேமராவுக்கென வாங்கிச் சேர்த்த மூன்று உபரி பேட்டரிகளும் உதவும் என்று எண்ணி, பெட்டியைப் பிரித்த மறுநாளே வெளியூர்ப் பயணம் புறப்பட்டுவிட்டேன். அங்கே போய்ப் பார்த்தால் புதிய கேமராவின் பேட்டரி வேறு அளவு. முதல் நாள் பிற்பகலிலேயே கேமரா அணைந்தது. மிச்சமிருந்த இரண்டு நாளும் அது வெறும் சுமை. விவரக் குறிப்பைப் படிக்காதது என் குற்றம். அதன் பிறகு எந்த மாடலைப் பற்றி யார் கேட்டாலும், பேட்டரியின் பெயரை முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஆர்எக்ஸ்100 வரிசையில் முதல் கேமரா முதல் மார்க் 7 வரை ஒரே பேட்டரிதான். ஜிஆர் 3-இன் பேட்டரி முந்தையவற்றுக்குப் பொருந்தாது. ஃபியூஜி எக்ஸ்100 வரிசையில் முதல் மூன்று மாடல்களுக்கு ஒன்று, 2017-இல் வந்த எக்ஸ்100எஃப் முதல் வேறொன்று. சார்ஜ் செய்யும் துளையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிதாக விற்பனைக்கு வரும் டிஜிட்டல் கேமராக்களுக்கு யூஎஸ்பி-சி கட்டாயம் ஆகிவிட்டது. மார்க் 7 வரையிலான ஆர்எக்ஸ்100 கேமராக்கள் எல்லாவற்றிலும் பழைய மைக்ரோ யூஎஸ்பியே உள்ளது. இது பெரிய குறை இல்லை, ஆனால் பயணத்தில் ஒரு வயர் கூடும்.

பழைய மாடலை வாங்குவது என்றால் பெரும்பாலும் பிறர் பயன்படுத்தியதை வாங்குவது என்றுதான் பொருள். அங்கே கவனம் வேண்டும். கையடக்கக் கேமராவின் லென்ஸைக் கழற்றித் துடைக்க முடியாது. உள்ளே தூசி போனால் பிரித்தெடுக்கத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். ஜூம் ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றோடு தூசியையும் இழுக்கிறது. ஆகவே, வெறும் வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ நோக்கித் திறப்பை எஃப் 11 வரை சுருக்கி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். தூசி இருந்தால் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். ஜூமை முழுவதும் நீட்டிச் சுருக்கும்போது காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் ஒலி வந்தால் பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கைபேசி விளக்கை லென்ஸின் முன்பக்கமாகச் சாய்த்து அடித்துப் பார்த்தால், பூஞ்சை பிடித்திருந்தால் சிலந்தி வலை போன்ற நரம்புகள் தெரியும். சாய்க்கும் திரை உள்ள மாடல்களில் திரையை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பாருங்கள். உள்ளே செல்லும் தட்டை வயர் தேய்ந்திருந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் படம் நடுங்கும் அல்லது மறையும். எழும்பும் வ்யூஃபைண்டரையும் பத்து முறை ஏற்றி இறக்குங்கள். பேட்டரி உப்பியிருந்தால் வெளியே எடுக்கும்போதே இறுகும். மெமரி கார்டையும் மறக்க வேண்டாம்: மிகப் பழைய கேமராக்கள் சில 2 ஜிபிக்கு மேல் ஏற்காது, வேறு சில, இன்று புதிதாகக் கிடைக்காத எக்ஸ்டி கார்டு வகையை மட்டுமே ஏற்கும்.

அந்த மிகப் பழையவை இப்போது இளைஞர்களிடையே மீண்டும் பரவுகின்றன. சிசிடி என்ற பழைய வகைச் சென்சாரின் நிறமே தனி என்று அவர்கள் சொல்லும்போது நான் மறுத்துப் பேசுவதில்லை. படமெடுக்கும் ஆசை எந்த வழியில் வந்தாலும் வரட்டும். ஆனால் நிறத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, சென்சார் தந்த தரவை ஜேபெக் படமாக மாற்றும் கேமராவின் உள் மென்பொருள்தான். சிசிடி என்ற மூன்றெழுத்துக்காக மட்டும் பழையதை வாங்குவதும், மார்க் எண் பெரிது என்பதற்காக மட்டும் புதியதை வாங்குவதும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். இனி தங்கள் பக்கத்தில் ஒரு புதிய கேமராவைப் பற்றி எழுதும்போது, முந்தைய மாடலில் இருந்தவற்றுள் இதில் நீக்கப்பட்டவை எவை என்று ஒரு சிறு பத்தி சேர்க்க வேண்டும். சேர்க்கப்பட்டவற்றை நிறுவனமே பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தருகிறது. நீக்கப்பட்டவற்றை யாரும் தருவதில்லை. இரண்டு விவரக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லென்ஸ் திறப்பு, ஃபிளாஷ், பேட்டரி, திரை, பொத்தான்கள் ஆகியவற்றை ஒப்பிடுகிற வேலை உங்கள் செய்தியாளருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதைப் படிக்கிறவர்கள் பல மாதச் சேமிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்கள்.

தம்பி மகள் மூன்றாவது நாள் மார்க் 3-ஐ வாங்கினாள். மிச்சமான பணத்தில் முதல் வேலையாகப் பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னும் பிரகாசமான ஒரு விளக்கை வாங்கிப் பொருத்தினாள். இப்போது 1/80 நொடியில் எடுக்க முடிகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்